தேங்கிய டீசல்: பழைய டேங்கைத் திறந்து கழுவும் வேலை

பழைய டீசல் டேங்கின் அடியில் கிடக்கும் அழுக்கு ஒரே பொருள் அல்ல. அதில் தண்ணீர் இருக்கும், துரு இருக்கும், டீசலே கெட்டுப்போய் உருவான கோந்து இருக்கும். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே வளர்ந்த உயிரிகளின் வழுவழுப்பான கசடும் இருக்கும். நான்கும் கலந்து கறுப்பாகவோ அடர் பழுப்பாகவோ தெரிவதால், எல்லாம் பெட்ரோல் பங்கில் இருந்து வந்த மண்டி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மண்டியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்ததல்ல, டேங்குக்குள்ளேயே உண்டானது. அது உண்டாகக் காரணம் தண்ணீர். தண்ணீர் இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடிக்காது, உயிரிகள் வளராது. டேங்கைக் கழுவும் வேலை தண்ணீர் நுழைந்த வழியைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி அந்த வழியை அடைப்பதில் முடிய வேண்டும். இடையில் நடக்கும் துடைப்பும் அலசலும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த வழி திறந்திருந்தால் அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு அதே கசடு திரும்ப வரும்.

இந்தத் தொல்லை அதிகம் பீடிப்பது ஓயாமல் ஓடும் இன்ஜினை அல்ல. காசிமேட்டு விசைப்படகு ஒன்று கடலுக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான லிட்டரை எரிக்கிறது. தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்ற அளவில் விற்பனை வரி விலக்கு பெற்ற டீசல் நெடுநாள் வழங்கப்பட்டு வந்தது என்பதே அவற்றின் செலவு எவ்வளவு என்பதைச் சொல்லும். அந்த டேங்குகளில் டீசல் தங்குவதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. பாய்மரப் படகு அப்படி அல்ல. உலகெங்கும் உள்ள பழைய பாய்ப்படகுகளில் டீசல் இன்ஜின் துணைக்கு மட்டுமே. துறைமுகத்தை விட்டு வெளியேறவும் உள்ளே நுழையவும் காற்று விழுந்துவிட்ட நேரத்திலும்தான் அது ஓடும். ஒரு டேங்க் டீசல் ஓராண்டுக்கு மேலும் கிடக்கும். பழைய படகு என்றால், முப்பது நாற்பது ஆண்டுகளாக யாருமே திறந்து பார்க்காத டேங்க் என்று பொருள்.

கடலே இல்லாத காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இதே நிலையில் டேங்குகள் உண்டு. வாலாஜாபாத் வட்டாரத்துத் தென்னேரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வயலோரக் கொட்டகைகளில் நிற்கும் 5 எச்.பி. ஆயில் இன்ஜின்கள் ஒரு காலத்தில் பாசனத்தின் உயிர்நாடி. 1990 முதல் உழவர்களுக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் மின்மோட்டார் முன்னுக்கு வந்தது. ஆயில் இன்ஜின் மின்சாரம் இல்லாதபோது எடுக்கும் துணையாகவும், ஏரிநீர் எட்டாத கடைமடை வயலுக்குக் கால்வாய்ப் பள்ளத்திலிருந்து நீர் இறைக்கும் கருவியாகவும் சுருங்கியது. நவரைப் பயிரின் கடைசித் தண்ணீருக்குச் சில நாள் ஓடும், பிறகு மாதக்கணக்கில் நிற்கும். கோயில் உற்சவத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வாங்கி வைத்த ஜெனரேட்டர்களும் இப்படித்தான் நிற்கின்றன. ஓடாத இன்ஜின் தேயாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இன்ஜினின் மற்ற பாகங்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம், டேங்குக்குப் பொருந்தாது. பாய்ப்படகின் டேங்கையும் தென்னேரி வயல் இன்ஜினின் டேங்கையும் கெடுப்பது ஒரே காரணம்: டீசல் நின்றுபோய்க் கிடப்பது.

தண்ணீர் உள்ளே வரும் வழிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூடி. படகில் டீசல் ஊற்றும் வாய் மேல்தளத்தில் இருக்கும். அதன் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தால் மழைநீரும் அலைநீரும் நேரே டேங்குக்குப் போகும். அடுத்தது வென்ட் பைப். அது தாழ்வான இடத்தில் திறந்திருந்தால் படகு சாயும்போது கடல்நீரை உறிஞ்சும். வயல் இன்ஜினில் மூடி தொலைந்து, அதன் இடத்தில் துணிப்பந்தோ பாலிதீன் உறையோ கட்டப்பட்டிருக்கும். அந்தத் துணி மழையில் நனைந்து சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்கும். பலர் கவனிக்காத இன்னொரு வழி டீசல் பேரல். பேரலை மழையில் நிமிர்த்தி வைத்தால் அதன் தலைத்தட்டில் தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவில் சுருங்கும்போது மூடித் திருகின் இடுக்கு வழியே அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று உரிமையாளர் சத்தியம் செய்வார், பேரலின் அடியில் தண்ணீர் இருக்கும். பேரலைக் கொட்டகைக்குள் வைக்க வேண்டும். வெளியில்தான் இடம் என்றால், இரண்டு மூடிகளும் படுக்கை மட்டத்தில் டீசலுக்குள் மூழ்கியிருக்கும்படி பக்கவாட்டில் கிடத்த வேண்டும்.

டேங்கில் காலியாக உள்ள இடத்தின் காற்று இரவில் குளிர்ந்து தகட்டில் வியர்ப்பதையும் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். அதனால்தான் நிறுத்தி வைக்கும் டேங்கை நிரப்பி வைக்கச் சொல்வது. ஆனாலும் டம்ளர் கணக்கில் தண்ணீர் வெளிவரும் டேங்கில் வியர்வையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு மூடியைப் பார்க்காமல் விடுவது சரியல்ல.

டீசலின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, லிட்டருக்கு ஏறத்தாழ 820 முதல் 850 கிராம். கடல்நீர் லிட்டருக்கு 1,025 கிராம் அளவில் இருக்கும். எனவே வந்த தண்ணீர் அடியில் போய்ப் படுக்கும். இன்ஜினுக்கு டீசல் இழுக்கும் குழாயின் வாய் டேங்கின் அடித்தகட்டிலிருந்து சற்று மேலே வைக்கப்பட்டிருக்கும். அடியில் இருப்பது இன்ஜினுக்குப் போகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதே ஏற்பாட்டால் அங்கே சேரும் தண்ணீர் ஒருபோதும் தானாக வெளியேறுவதும் இல்லை. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான் உயிரிகள் குடியேறுகின்றன. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இவற்றில் பேர்போனது; பாக்டீரியாக்களும் ஈஸ்ட்களும் அதனுடன் சேர்ந்து வாழும். அவற்றுக்கு உணவு டீசலில் இருக்கிறது, குடியிருப்பு தண்ணீரில். 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் அவற்றுக்கு உகந்தது. தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது. குளிர்நாட்டுப் படகுக்காரர் பல ஆண்டுகளில் காணும் வளர்ச்சியை இங்கே ஒரே மழைக்காலத்தில் காணலாம். உயிரிகள் வெளிவிடும் அமிலம் தகட்டை அரிக்கும். அலுமினிய டேங்கின் அடியில் குத்தூசியால் குத்தியதுபோல் குழிகள் விழுவது இதனால்தான். சல்பேட்டை உண்டு வாழும் வகை சேர்ந்திருந்தால் திறந்தவுடன் அழுகிய முட்டை நாற்றம் வரும்.

டீசலின் தன்மையும் மாறிவருகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றுக்கு நல்லதான இந்த மாற்றம் டேங்கில் உயிரி வளர்வதைத் தடுக்காது. டீசலில் பயோடீசல் கலக்கும் திட்டமும் இருக்கிறது. 2018-இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் 5 விழுக்காட்டை இலக்காக வைத்தது. பயோடீசல் வெறும் டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உயிரிகளுக்கும் எளிதான உணவு. பழைய டேங்கில் ஒட்டியிருந்த கோந்தைக் கரைத்து ஒரே நாளில் பில்டருக்கு அனுப்பும் குணமும் அதற்கு உண்டு. உலோகங்களில் செம்பும் துத்தநாகமும் டீசலுக்கு ஆகாதவை. செம்பு டீசல் கெட்டுப்போவதை விரைவுபடுத்தும். துத்தநாகம் டீசலில் உள்ள அமிலங்களோடு சேர்ந்து சோப்புப் போன்ற மண்டியாகி நாஸிலை அடைக்கும். ஜி.ஐ. வாளியிலோ ஜி.ஐ. டிரம்மிலோ டீசல் சேமிக்கும் வழக்கத்தையும், டீசல் லைனுக்குத் தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. துண்டு போடும் வழக்கத்தையும் அறவே விட வேண்டும்.

டேங்க் அழுக்கானதை இன்ஜின் சில அடையாளங்களால் முன்கூட்டியே சொல்லும். பாரம் ஏறும்போது மூச்சுத் திணறி நின்றுவிடும். சிறிது நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் எதுவும் நடக்காததுபோல் கிளம்பும், மறுபடியும் நிற்கும். இழுகுழாயின் வாயில் கசடு வந்து ஒட்டுவதும், இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் இல்லாமல் அது விழுந்துவிடுவதும்தான் இதற்குக் காரணம். புது பில்டர் சில மணி நேரத்தில் அடைபட்டால் சந்தேகமே வேண்டாம். இந்த நிலையில் பில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே போவது வீண்செலவு. குழாயைக் கழற்றி வாயால் ஊதிவிட்டு ஓட்டுவதும் அப்படியே. கசடு டேங்கின் நடுவுக்குப் போய் மறுபடி வந்து சேரும். படகில் இதன் ஆபத்து பெரிது. அமைதியான நீரில் டேங்கின் வண்டல் தெரியாமல் கிடக்கும். கடல் கொந்தளித்துப் படகு ஆடும்போது முழுவதும் கலங்கி ஒரே நேரத்தில் பில்டருக்கு வரும். இன்ஜின் கட்டாயம் தேவைப்படும் வேளையும் அதுவே. பாறைக்கரையை நோக்கிக் காற்று தள்ளும்போது நின்றுபோன இன்ஜின் உயிர்ச் சேதத்தில் முடியும்.

திறக்குமுன் சோதித்துப் பார்க்கலாம். டேங்கின் அடிமட்டத்திலிருந்து டிரெயின் பிளக் வழியாகவோ, மெல்லிய குழாயை அடிவரை விட்டுக் கைப்பம்பால் இழுத்தோ, ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசல் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைக்க வேண்டும். நல்ல டீசல் ஒளி ஊடுருவும்படி தெளிவாக இருக்கும். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றாலோ, இரண்டுக்கும் நடுவே கறுத்த ஆடை படர்ந்திருந்தாலோ டேங்கைத் திறக்க வேண்டியதுதான். பெட்ரோல் பங்குகளில் அளவுகோலின் நுனியில் தடவிப் பார்க்கும் வாட்டர் பேஸ்ட் தண்ணீர் பட்டால் நிறம் மாறும். அதையும் பயன்படுத்தலாம். தெளிவான மாதிரி வந்துவிட்டது என்று நிம்மதியடையக் கூடாது. மாதிரி அடிமட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டதா என்பதுதான் முக்கியம்.

வேலைக்கு ஏற்ற காலம் டேங்கில் டீசல் குறைவாக இருக்கும் காலம். விசைப்படகுகளுக்கு அது மீன்பிடித் தடைக்காலத்தில் அமைகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. படகைக் கரையேற்றி மரம், பலகை, பெயின்ட், வலை என்று எல்லாம் பார்க்கும் அந்த நாட்களில் டேங்க் கடைசிக்குத் தள்ளப்பட்டு, பிறகு விட்டுப்போகிறது. முதல் வாரத்திலேயே அதைத் திறப்பது நல்லது. திறந்து பார்த்தபின் தகட்டை மாற்ற வேண்டி வரலாம், அதற்கு நாள் பிடிக்கும். வயல் இன்ஜினுக்குப் பருவம் முடிந்த கையோடு, மழைக்கு முன். ஜெனரேட்டருக்கு விழாவுக்கு ஒரு மாதம் முன்பே. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பிரம்மோற்சவம் போன்ற பெருவிழாவின் நடுவில் விளக்கு அணைந்தபின் டேங்கைக் கழுவ முடியாது.

தீ பற்றி ஒரு செய்தியை எவரும் அலட்சியம் செய்யக் கூடாது. டீசல் எளிதில் தீப்பிடிக்காது என்று வெளிநாட்டுக் கையேடுகள் துணிந்து சொல்லும். அங்குள்ள டீசல் 52, 55 டிகிரிக்கு மேல்தான் பற்றக்கூடிய ஆவியை விடும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1460-இல் சாதாரண டீசலுக்கான குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி மட்டுமே. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையிலும் படகின் இன்ஜின் அறையிலும் 40 டிகிரியைத் தாண்டும். ஆகவே இங்கே திறந்த டேங்கின் மேல் நிற்கும் ஆவியைப் பெட்ரோல் ஆவியைப்போலவே நடத்த வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனர், டிரில், கிரைண்டர் எதுவும் பக்கத்தில் ஓடக் கூடாது. வெளிச்சத்துக்குக் கையில் பேட்டரி டார்ச் போதும், அதைப் போடுவதும் அணைப்பதும் டேங்குக்கு வெளியிலேயே நடக்க வேண்டும். வேலையை விடியற்காலையில் தொடங்குவது உடம்புக்கும் நல்லது, தீக்கும் பாதுகாப்பு.

சிறிய டேங்கைக் கழுவுவதில் சிரமம் இல்லை. வயல் இன்ஜினின் டேங்க் இன்ஜினுக்கு மேலே சில லிட்டர் கொள்ளளவில் இருக்கும், டீசல் தன் எடையாலேயே இறங்கும். டிராக்டர் டேங்க் அதைவிடப் பெரிது. இரண்டையும் தாங்கியிலிருந்து கழற்றி வெளியே எடுத்துவிடலாம், எடுத்துவிடத்தான் வேண்டும். இடத்திலேயே வைத்து டீசல் ஊற்றி அலசுவது மேல்மண்டியை மட்டுமே எடுக்கும், தகட்டில் ஒட்டிய கோந்து அப்படியே இருக்கும். கழற்றிய டேங்கில் மூன்றில் ஒரு பங்கு சுத்தமான டீசல் ஊற்றி, உள்ளே ஒரு முழப் பழைய சைக்கிள் செயினைப் போட்டு, மூடியைக் கட்டி, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் குலுக்க வேண்டும். சிலர் ஜல்லி அல்லது நட்டுகளைப் போடுவார்கள். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் தெரியாது. செயின் ஒரே துண்டாகப் போய் ஒரே துண்டாக வெளியே வரும். வடித்த டீசலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்து, கறை குறையும்வரை மறுபடி மறுபடி செய்ய வேண்டும். துரு ஆழமாக இருந்தால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியை ஊற்றி வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முழுதாகக் காயவைத்து, காய்ந்த உடனே டீசலால் உள்சுவரை நனைத்துவிட வேண்டும். வெறுந்தகடாக ஓர் இரவு விட்டால் மறுநாள் புதுத்துரு பூத்திருக்கும்.

படகு டேங்க் வேறு விதமான வேலை. அது இன்ஜின் அறைக்குள் அடைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். பல பழைய பாய்ப்படகுகளில் டேங்கை வைத்த பிறகுதான் மேல்தளம் மூடப்பட்டது. வெளியே எடுக்க மேல்தளத்தை அறுக்க வேண்டும். விசைப்படகின் இரும்பு டேங்குகள் பெரும்பாலும் படகின் உடம்போடு சேர்ந்தவை. எனவே முதலில் உள்ளிருக்கும் டீசலை முழுதாக வெளியேற்ற வேண்டும். மேல்பகுதியில் உள்ள தெளிந்த டீசலைத் தனிக் கேன்களில் எடுத்துவிட்டு, கடைசிக் கையளவை, அதாவது மண்டியும் தண்ணீரும் கலந்த பகுதியை, வேறு கேனில் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நல்லதும் கெடும். கேன்களை விளிம்புவரை நிரப்பக் கூடாது, வெயிலில் டீசல் விரியும்.

உள்ளே கை போகும் வாய் இல்லாத டேங்கில் அப்படி ஒரு வாயை உண்டாக்குவதுதான் வேலையின் முக்கியமான பகுதி. பழைய டேங்குகளின் பெரிய குறையே இது. டீசல் அளவு காட்டும் கருவியின் சிறிய துளை தவிர வேறு திறப்பு இருக்காது. டீசல் அலைமோதாமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து அறைகளாகப் பிரித்திருப்பார்கள். அளவுத் துளை வழியே ஒரு அறையைத்தான் துடைக்க முடியும், மற்ற அறைகளின் கசடு பிறகு நகர்ந்து வரும். அதனால் ஒவ்வொரு அறைக்கும் மேலே ஒரு கைநுழை வாய் வேண்டும், போல்ட் வைத்து இறுக்கும் தட்டோடு. அறுக்கும்போது தீப்பொறி வரும் கருவி கூடாது, தகட்டுத் துகள் உள்ளே விழாமல் கிரீஸ் தடவிப் பிடிக்க வேண்டும். அறுப்பதற்கு முன்பே டேங்க் காலியாகி, காற்று வாங்கி, ஆவி இல்லாமல் இருக்க வேண்டும். மூடித் தட்டின் கேஸ்கட் நைட்ரைல் ரப்பராக இருப்பது அவசியம். சைக்கிள் டியூபை வெட்டி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. டீசல் பட்டால் அது ஊதி மெத்தென்றாகி வழியும், தண்ணீர் நுழையப் புதுவழி திறந்துகொள்ளும்.

திறந்தபின் முதலில் கசடை மரக்கரண்டி அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் அள்ளி எடுக்க வேண்டும். இரும்புச் சுரண்டி பொறி கிளப்பும், அலுமினியத்தைக் கீறவும் செய்யும். அள்ளியபின் டீசலில் நனைத்த நூல் உதிராத துணியால் சுவர்களையும் மூலைகளையும் துடைப்பார்கள். காட்டன் வேஸ்ட் மலிவானது, ஆனால் அதன் நூல் பின்னர் பில்டரில் போய்ச் சிக்கும். பழைய நெருக்கமான பருத்தித் துணி அதைவிட நல்லது. தடுப்புத் தகட்டின் கீழ் மூலைகளில்தான் உயிரிக் கசடு தோல்போல ஒட்டியிருக்கும். விரலால் தடவிப் பார்க்காமல் கண்ணால் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. துடைத்தபின் சுத்தமான டீசலைக் கைப்பம்பால் பீச்சி அலசி, மிகத் தாழ்ந்த மூலையிலிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

பெரிய விசைப்படகு டேங்கில் ஆள் இறங்கும் அளவு வாய் இருக்கும். அங்கே காற்றைச் சோதிக்காமல் இறங்குவது உயிரோடு விளையாடுவது. மூடிக் கிடந்த இரும்பு டேங்கில் துருப்பிடிப்பதே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளிக்காற்றில் 20.9 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து. உயிரிகள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவில் நாறும், அதிக அளவில் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்க இறங்கியவரும் அங்கேயே விழுவதும் கழிவுநீர்த் தொட்டிகளில் இந்த நாடு எத்தனையோ முறை கண்ட துயரம். காற்றூதி வைத்து நீண்ட நேரம் காற்றோட்டம் விட்டு, வாயு அளவியால் சோதித்து, இடுப்பில் கயிறு கட்டி, வெளியே ஆள் நிற்க வைத்துத்தான் இறங்க வேண்டும். வசதி இல்லை என்றால் இறங்காமல் நீண்ட கைப்பிடித் துடைப்பானால் முடிந்ததைச் செய்வதே சரி. எந்தப் படகும் ஒரு உயிருக்கு ஈடாகாது.

சில குறுக்குவழிகள் டேங்கையே அழிக்கும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனை வெளியிடும். பெட்ரோல் ஊற்றி அலசுவது தீயை அழைப்பது. சோப்பு நீர் அழுக்கை எடுக்கும், மிச்சம் தங்கினால் டீசலையும் தண்ணீரையும் பிரிய விடாமல் கலக்கி வைக்கும். சோப்புப் போட்டால் பலமுறை அலசி எலும்புபோல் உலர்த்த வேண்டும். உயிரிகளைக் கொல்லும் மருந்தும் சந்தையில் கிடைக்கிறது. அதை அழுக்கு டேங்கில் ஊற்றினால் செத்த கசடு மொத்தமாகப் பெயர்ந்து பில்டரை அடைக்கும். கழுவி முடித்த டேங்கில் புட்டியில் சொன்ன அளவில் சேர்ப்பதுதான் முறை. டீசலைப் பம்பு வைத்துப் பில்டர் வழியே சுற்றிவிட்டுத் தெளியவைக்கும் முறை டீசலைச் சுத்தமாக்கும், சுவரில் ஒட்டிய கோந்தை எடுக்காது. திறந்து துடைத்த டேங்கைப் பராமரிக்க அது நல்ல துணை. திறந்து துடைப்பதற்கு மாற்று அல்ல.

உள்ளே குழி விழுந்து தகடு மெலிந்திருந்தால் ஒட்டு மருந்து பூசிக் காலம் தள்ளுவதைவிட டேங்கை மாற்றுவது நல்லது. வெல்டிங் செய்வதாக இருந்தால் டீசல் இருந்த டேங்கை வெறுமனே காலி செய்ததோடு விடக் கூடாது. தகட்டுத் துளைகளிலும் கோந்திலும் ஒளிந்திருக்கும் டீசல் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். முழுதாகக் கழுவி, தண்ணீராலோ எரியாத வாயுவாலோ நிரப்பி, தெரிந்த ஆள் செய்ய வேண்டிய வேலை அது.

டேங்க் சுத்தமானதும் லைனும் சுத்தமாக வேண்டும். இழுகுழாயின் நுனியில் நுண்சல்லடை இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, டேங்குக்கு வெளியே கண்ணாடிக் கிண்ணம் வைத்த வாட்டர் செபரேட்டர் பில்டரைப் பொருத்துவது நல்லது. உள்ளே இருக்கும் சல்லடையில் கை வைக்க முடியாது, வெளியே இருக்கும் கிண்ணத்தைப் பார்த்தாலே தண்ணீர் தெரியும். இன்ஜெக்‌ஷன் பம்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே, தலைமயிரின் தடிமனில் சிறு பங்கு. துணியில் வடித்த டீசல் அதற்குப் போதுமான சுத்தமில்லை. துணி தண்ணீரையும் நிறுத்தாது. பேன்ஜோ போல்ட்டுகளின் செப்பு வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும். கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கச் சூடேற்றித் தண்ணீரில் போட்டால் மெத்தென்றாகி மீண்டும் பொருந்தும்.

பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, பிரைமிங் பம்பை அடித்து, நுரை இல்லாத டீசல் வரும்வரை காத்து இறுக்க வேண்டும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பில், கடைசியாக நாஸில் லைன் நட்டில். வயல் இன்ஜினில் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் நாஸிலில் டீசல் பீச்சும் ஒலி கேட்கும். அது கேட்டால் இன்ஜின் கிளம்பும். நாஸில் பீச்சும் இடத்தில் கையை வைக்கக் கூடாது. இருநூறு பார் அளவிலான அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும், வெளிக்காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

எடுத்து வைத்த தெளிந்த டீசலைச் சில நாள் அசையாமல் வைத்து, மேல்பகுதியை மட்டும் வடித்து, நல்ல பில்டரில் விட்டுப் பழைய வகை இன்ஜினில் புது டீசலோடு கலந்து எரிக்கலாம். காமன் ரெயில் இன்ஜினுக்கு அதை ஊற்றக் கூடாது. மண்டியும் நாறிய தண்ணீரும் துடைத்த துணியும் கழிவு எண்ணெய் எடுக்கும் பதிவு பெற்ற ஆளிடம் போக வேண்டும். தென்னேரி ஏரியின் பாசனக் கால்வாய்க் கரையில் ஆயில் இன்ஜின் நிற்பதால், கழுவிய கழிவைக் கால்வாயில் ஊற்றிவிடுவது எளிதாகத் தோன்றும். அந்தத் தண்ணீர்தான் அடுத்த வயலுக்கும் ஆடுமாடுகளுக்கும் போகிறது. துறைமுகத்தில் கடலில் ஊற்றுவதும் அதே அளவு தவறு.

கழுவிய டேங்கிலும் கோந்தின் மிச்சம் முதல் சில மணி நேரத்தில் பெயர்ந்து வரும். ஆகவே முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு பில்டரை மாற்ற வேண்டும், கூடவே ஒரு பில்டரும் ஏர் எடுக்கும் ஸ்பேனரும் படகிலேயே இருக்க வேண்டும். மூடியின் ஓ-ரிங்கை மாற்றிவிட்டு, அந்த மூடியின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி மறுநாள் அடியிலிருந்து மாதிரி எடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. நிறுத்தி வைக்கும் காலத்தில் டேங்கை நிரப்பி வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை டிரெயின் பிளக்கைத் திறந்து ஒரு டம்ளர் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் தண்ணீர் தெரியாத வரை டேங்கைத் திறக்கத் தேவையில்லை. ஒரு துளி தெரிந்தாலும் பில்டரை மாற்றுவதற்கு முன் மூடியையும் வென்ட் பைப்பையும் பாருங்கள்.